இலவச உயர வரைபடத்தை நம்பி ஆற்றுப்படுகை ஆய்வு செய்யலாமா?

நீங்கள் முதுகலை மாணவர், எஸ்.ஆர்.டி.எம். என்ற இலவச நில உயரத் தரவை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஓடைகள் வரைந்து முடித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 2016-இல் நானும் அப்படித்தான் இருந்தேன்.

கல்வராயன் மலை ஓடைகளுக்கு அந்த வரைபடம் போதும். கடலூர்க் கரையோரச் சமவெளிக்குப் போதாது.

என் ஆய்வு கடலூர் மாவட்டத்துப் பரவனாறு பற்றியது. 2015 நவம்பர் வெள்ளத்தில், குறிஞ்சிப்பாடிக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் சித்தப்பா கொல்லையில் இடுப்பளவு தண்ணீர். நான் வரைந்த படத்திலோ அந்தக் கொல்லை மேடு, வெள்ளம் அதைத் தொடாமல் விலகிப் போகிறது. மடிக்கணினியைக் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏம்பா, இங்க ஏது மேடு? ரெண்டாயிரத்துல இங்க சவுக்கு இல்ல நின்னுச்சு" என்றார்.

அந்த உயரங்கள் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரில் எடுத்தவை. அடர்ந்த தோப்பில் அந்த அலை தரைவரை இறங்காது, கிளைகளுக்குள்ளேயே திரும்பிவிடும். சவுக்கை வெட்டிக் கடலை போட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. படத்தில் மட்டும் தோப்பு குன்றாக நிற்கிறது. மென்பொருள் அதைக் கரை என்று நினைத்து, பின்னாலுள்ள பள்ளத்தை நிரப்பி, தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டது.

அந்தத் தரவுக்கு வைத்த துல்லிய இலக்கு 16 மீட்டர், அதாவது உயரத்தில் அவ்வளவு பிழை இருக்கலாம். பல இடங்களில் அதைவிட நன்றாகவே வந்திருக்கிறது, தெரியும், அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் உயரங்கள் முழு மீட்டரில்தான் பதிவாகியிருக்கின்றன. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரியாத பெருமாள் ஏரிப் பக்கத்தில் அதை வைத்து ஆற்றின் போக்கை எப்படிப் பிடிப்பது?

டம்பி லெவல் என்ற உயரம் அளக்கும் கருவியை வாடகைக்கு எடுத்தேன். சித்தப்பா அளவுக்கோலான ஸ்டாஃபைப் பிடித்தார். இரண்டு நாள் வெயிலில், மதகிலிருந்து கொல்லைவரை லெவல் எடுத்தோம். படம் 6 மீட்டர் மேடு என்ற இடத்தில் எங்களுக்குக் கிடைத்தது 40 சென்டிமீட்டர்.

வாய்மொழித் தேர்வில் அந்த இரண்டு நாளைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. வண்ணப்படம் குறைவு என்றார்கள். வாடகை, பஸ் காசு எல்லாம் என் கையிலிருந்து. நன்றியுரையில் எழுதிய சித்தப்பா பெயரையும் 'விவசாயி பெயர் எதற்கு' என்று அடிக்க வைத்தார்கள். அது இன்றும் ஆறவில்லை.

உங்களுக்குக் கோப்பர்நிகஸ் என்ற புதிய உயரத் தரவு, 30 மீட்டர் கட்டங்களில், இருக்கிறது. அதிலும் மரமும் வீடும் சேர்ந்தே வரும். அவற்றைக் கழித்துத் தந்திருக்கும் ஃபேப்டெம் என்ற தரவு சமவெளிக்கு இன்னும் நல்லது. எதை எடுத்தாலும் நாலு மதகிலாவது லெவல் வைத்துச் சரிபாருங்கள். ஜிபிஎஸ் உயரத்தோடு ஒப்பிடுவதாக இருந்தால் ஜியாய்டு திருத்தத்தை, அதாவது ஜிபிஎஸ் தரும் உயரத்துக்கும் கடல்மட்டத்திலிருந்து அளக்கும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, மறந்துவிடாதீர்கள். நம் கரையில் அது சுமார் 90 மீட்டர்.