உளவாளி பிடிபட்டால் எதிரி நாட்டோடு பேசுவதை நிறுத்திவிட வேண்டுமா?

அரசாங்கத்துக்குள்ளேயே எதிரி நாட்டு உளவாளி பிடிபட்ட பிறகும் அந்த நாட்டோடு பேச்சுவார்த்தை நடத்துவது கோழைத்தனம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். கோழைத்தனம் இல்லை. உளவாளி எப்படி உள்ளே வந்தான் என்பது ஒரு கேள்வி, அந்த நாட்டோடு பேசலாமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் இரண்டுக்குமே பதில் கிடைக்காது.

மேற்கு ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆட்சித் தலைவரான சான்சலர் வில்லி பிராண்ட், கம்யூனிஸ்ட் நாடுகளான சோவியத் யூனியனோடும் போலந்தோடும் 1970-லும், கிழக்கு ஜெர்மனியோடு 1972-லும் ஒப்பந்தம் போட்டவர். நாட்டை விற்றுவிட்டார் என்று எதிர்க்கட்சி கொதித்தது. 1972 ஏப்ரலில் அவரைக் கவிழ்க்க நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்து, இரண்டே ஓட்டில் தப்பினார். அப்புறம் 1974 ஏப்ரல் 24 காலையில் அவருடைய சொந்த உதவியாளர் குந்தர் கியோம் கைதானார். போலீஸ் வீட்டுக்கு வந்ததும், தான் கிழக்கு ஜெர்மன் ராணுவ அதிகாரி, உளவுத்துறை ஆள் என்று அவரே சொல்லிவிட்டார். இரண்டு வாரத்துக்குள் பிராண்ட் பதவி விலகினார்.

‘கம்யூனிஸ்டுகளோடு பேசப் போனதன் விளைவு இது’ என்று சொல்ல யாருக்கும் ஆசை வரும். ஆனால் கியோம் மேற்கே வந்தது 1956-ல், அகதி வேஷத்தில். அப்போது ஆட்சியில் இருந்தது கிழக்கு ஜெர்மனியோடு ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்றிருந்த சான்சலர் அடனாயரின் அரசு. பேசாமல் இருந்த காலத்தில்தான் அந்த ஆள் எல்லை தாண்டி வந்து, பிராண்டின் கட்சியில் சேர்ந்து, படிப்படியாக மேலே ஏறினார்.

உண்மையான ஓட்டை எங்கே இருந்தது என்பதுதான் என்னை இன்றைக்கும் கோபப்படுத்துகிறது. கிழக்கு ஜெர்மனி 50-களில் தன் ஆட்களுக்கு ரேடியோவில் அனுப்பிய சங்கேதச் செய்திகளை மேற்குத் தரப்பு உடைத்துக் கோப்பில் வைத்திருந்தது. அதில் பிறந்தநாள் வாழ்த்துகள் இருந்தன, 1957-ல் மகன் பிறந்ததற்கு வாழ்த்தும் இருந்தது. அந்தத் தேதிகளைக் கியோம் குடும்பத்தோடு பொருத்திப் பார்க்க 1973 வரை ஆனது. சரி, அதற்குப் பிறகாவது உஷாரானார்களா? 1973 மே மாதக் கடைசியில் பிராண்டிடம் சந்தேகத்தைச் சொன்னார்கள், ஆனால் கண்காணிக்க வேண்டும், ஆளை மாற்றாதீர்கள் என்றார்கள். அந்தக் கோடையில் பிராண்ட் நார்வேக்கு விடுமுறைக்குப் போனபோது கூடவே போனது கியோம்தான், அங்கே வந்த தந்திகள், அமெரிக்க அதிபர் நிக்சன் எழுதிய கடிதம் உட்பட, அவர் கை வழியாகவே போயின. கம்யூனிஸ்ட் நாடுகளோடு பேசும் பிராண்டின் ‘கிழக்குக் கொள்கை’க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இது சொந்த வீட்டுப் பூட்டைப் பார்க்காதவர்களின் தவறு.

அதற்காக உளவை மன்னித்து விடச் சொல்லவில்லை. 1971 செப்டம்பரில் பிரிட்டன், லண்டனில் இருந்த சோவியத் அதிகாரிகளில் 90 பேரை வெளியேற்றியது, வெளியூர் போயிருந்த 15 பேரைத் திரும்பி வர விடவில்லை. மாஸ்கோ கத்தியது, சில வருஷம் உறவு உறைந்து கிடந்தது, ஆனால் தூதரகங்கள் மூடப்படவில்லை. 1975 பிப்ரவரியில் பிரதமர் வில்சன் மாஸ்கோ போனார். கண்டிப்பும் பேச்சும் ஒன்றாக நடக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உளவு வழக்கு வந்தவுடன் எதிர்க்கட்சி ‘துரோகம்’ என்பதும், ஆளுங்கட்சி உறவு கெட்டுவிடும் என்று வழக்கையே அமுக்கப் பார்ப்பதும் எல்லா நாட்டிலும் நடக்கிறது. இரண்டாவதுதான் அதிக ஆபத்து என்பேன், ஏனென்றால் அமுக்கிய வழக்கில் யார் தூங்கினார்கள் என்று யாரும் கேட்க முடியாது.

பிராண்டுக்குப் பின் வந்த ஹெல்முட் ஷ்மிட் அதே கிழக்குக் கொள்கையைத் தொடர்ந்தார். கியோமுக்கு 13 வருஷச் சிறை கிடைத்தது. 1981-ல் அவரைக் கிழக்கிடம் கொடுத்து, அங்கே சிறையில் இருந்த மேற்கத்திய உளவாளிகளை மீட்டார்கள். பேச்சே இல்லையென்றால் அந்தக் கைமாற்றத்தை யாரோடு பேசி முடித்திருப்பார்கள்?