ராணுவத்தை விடுங்கள் தம்பி, செப்டம்பர் 30-ஐப் பாருங்கள்

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் எனக்கு. கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் மெஷின் ஆபரேட்டராக இருந்தேன், மாதம் 14,500 ரூபாய். பிராந்திய ராணுவத்தில் சிப்பாயாகவும் இருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அழைப்பாணை வந்து காஷ்மீர் போனேன். இந்த ஜூலை 31-ஆம் தேதி டிஸ்எம்பாடி பண்ணி, அதாவது பணியிலிருந்து விடுவித்து, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஃபண்ட் இல்லையாம், தேவைப்பட்டால் கூப்பிடுவார்களாம். அதற்கு முந்தைய வருடாந்திர முகாமிலும் சுடக் கொடுத்தது சில ரவுண்டுதான், பூட்ஸ்கூட என் காசு. இப்போது சம்பளமே கிடையாது, வீட்டு நகை அடகில் இருக்கிறது. ‘பட்டாளத்தில இருந்து பத்தி விட்டுட்டாங்க’ என்று ஊரில் பேசுகிறார்கள், அப்பா வெளியே தலைகாட்டுவதில்லை. கம்பெனிக்குப் போனால் மேனேஜர், ‘உன் இடத்துல ஆள் இருக்கு, தீபாவளி கழியட்டும் பார்க்கலாம்’ என்கிறார். நான் கிளம்பிய மாதமே என் பேரை எடுத்துவிட்டார்களாம். ராணுவத்தின் மேல் கேஸ் போட்டு சம்பளமும் பென்ஷனும் வாங்க முடியுமா? யூனிஃபார்மோடு ஒரு வீடியோ போடு, எல்லாம் நடக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி ராணுவத்தைப் பற்றி இருக்கிறது. வழக்கு அங்கே இல்லை. ‘தீபாவளி கழியட்டும்’ என்று மேனேஜர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியில் இருக்கிறது. தீபாவளி வரைக்கும் நீங்கள் காத்திருந்தால், சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கிற ஒரே நல்ல ஆயுதம் கையை விட்டுப் போய்விடும்.

ராணுவத்தைப் பற்றிய பங்கை முதலில் முடித்துவிடுகிறேன். பிராந்திய ராணுவம் வருஷம் முழுவதும் சம்பளம் தருகிற வேலை என்று யாரும் உங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. 1948-இல் சட்டம் போட்டு, 1949 அக்டோபரில் ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்தபோது தொடங்கி வைத்த நாளிலிருந்தே அதன் அடிப்படை ஒன்றுதான்: வேறு பிழைப்பு இருக்கிறவர் வருவார், தேவைப்படும்போது சேவை செய்வார், முடிந்ததும் தன் வேலைக்குத் திரும்புவார். பயிற்சிக்கோ பணிக்கோ அழைத்திருக்கிற நாட்களுக்குத்தான் சம்பளம். ‘என்னை எம்பாடி பண்ணியே வைத்திரு’, அதாவது எப்போதும் பணியிலேயே வைத்திரு என்று கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. 2025 மே மாதம் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பிராந்திய ராணுவ விதி 33-இன்படி, 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ 2028 பிப்ரவரி 9 வரைக்கும் பணிக்கு அழைக்கலாம் என்று சொல்லும் அறிவிப்பு அது. அதிலேயே, பட்ஜெட்டில் பணம் இருந்தால்தான் அழைப்பு என்று எழுதியிருக்கிறது. எல்லைப் பதற்றத்தின் நடுவில் போட்ட அறிவிப்பிலேயே இந்த வரி இருக்கும்போது, ஃபண்ட் இல்லை என்று திருப்பி அனுப்பியதை எந்த மன்றமும் தவறு என்று சொல்லாது. ரவுண்டு குறைவு, பூட்ஸ் சொந்தக் காசு என்பதெல்லாம் நியாயமான வருத்தம். அரைகுறைப் பயிற்சியோடு ஒரு பையனைக் காஷ்மீருக்கு அனுப்புவது எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் அது உங்கள் கமாண்டிங் ஆபீசருக்கு எழுத வேண்டிய விஷயம். சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனால் வக்கீல் ஃபீஸ்தான் மிச்சம்.

பென்ஷனுக்கு, சிப்பாய் என்றால் எம்பாடி ஆகியிருந்த நாட்கள் மட்டுமே கூட்டி 15 வருஷம் வர வேண்டும். ஊரில் இருந்த காலம் கணக்கில் வராது. முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று நம்பியிருந்தால் அதுவும் இப்போதைக்கு இல்லை. பென்ஷன் பெறுபவர், பணியால் வந்த உடல் ஊனத்தோடு வெளிவந்தவர், வீரப் பதக்கம் பெற்றவர் என்று பிராந்திய ராணுவத்தாருக்கு அந்தத் தகுதி குறுகலானது. ஒன்றை மட்டும் செய்து வையுங்கள். ஒவ்வொரு முறை எம்பாடி ஆனதும் டிஸ்எம்பாடி ஆனதும் பார்ட் டூ ஆர்டரில் (யூனிட்டின் சேவைப் பதிவு ஆணை) சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். இருபது வருஷம் கழித்து நாள் கணக்கு உதைக்கும்போது அந்தத் தாள்தான் பேசும். வீடியோ வேண்டாம். நீங்கள் இன்னும் பட்டியலில் உள்ள சிப்பாய், அடுத்த முகாமுக்குப் போகிற அன்று ராணுவச் சட்டத்துக்குக் கீழே நிற்பீர்கள்.

இப்போது கம்பெனி.

பிராந்திய ராணுவச் சட்டத்தின் 7ஏ பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டுப் போனவர் திரும்பி வந்தால், இடையில் நிற்காமல் வேலையில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் நிலைமைக்குக் குறையாத நிலைமையில் அவரை மறுபடியும் வேலையில் சேர்த்துக்கொள்வது முதலாளியின் கடமை. தனியார் கம்பெனிக்கும் இது பொருந்தும். மறுத்தால், விதிகளில் குறிப்பிட்ட அதிகாரியிடம் விஷயத்தைக் கொண்டுபோகலாம். அவர் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம், நஷ்டஈடு கொடுக்கச் சொல்லலாம், கம்பெனியின் காரணம் சரியென்று பட்டால் அதற்கு விலக்கும் கொடுக்கலாம். நீங்கள் கிளம்பிய மாதமே பேரை எடுத்துவிட்டார்கள் என்று வருந்துகிறீர்கள். அது உண்மையில் உங்களுக்குச் சாதகம். அழைப்பாணை பிறந்த பிறகு வேலையை விட்டு எடுத்தால், இந்தக் கடமையிலிருந்து தப்பிக்கத்தான் எடுத்தார்கள் என்று சட்டமே அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது கம்பெனியின் பாடு. ஆகவே அழைப்பாணையின் தேதியும் பேரை எடுத்த தேதியும் மிக முக்கியம்.

இவ்வளவும் கையில் இருந்தும் தோற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். தோற்ற விதமும் பெரும்பாலும் ஒன்றுதான். அதே பிரிவில், சேவை முடிந்து இரண்டு மாதத்துக்குள் திரும்ப வேலை கேட்டு விண்ணப்பிக்கவில்லை என்று முதலாளி நிரூபித்தால் அதுவே அவருக்குப் போதுமான எதிர்வாதம் என்று இருக்கிறது. உங்களுக்கு ஜூலை 31. இரண்டு மாதம் செப்டம்பர் 30-இல் முடிகிறது. தீபாவளி எப்போது வருகிறது என்று காலண்டரைப் பாருங்கள்.

மேனேஜர் வேண்டுமென்றே இழுக்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் நல்ல மனிதரின் ‘பார்க்கலாம்’ ஒன்றை நம்பி, முக்கூடல் பக்கத்துப் பையன் ஒருவர் நான்கு மாதம் வாராவாரம் பஸ் ஏறி கம்பெனி கேட்டுக்குப் போய் வந்தார். ஒரு தாளும் எழுதவில்லை. என்னிடம் வந்தபோது அந்த மேனேஜர் வேலையை விட்டே போயிருந்தார். புதிதாக வந்தவர், ‘இப்படி ஒருத்தர் வந்து கேட்டதாக எங்களிடம் பதிவே இல்லை’ என்று ஒரு வரியில் பதில் எழுதினார். வாட்ச்மேன் சாட்சி சொல்வார் என்று பையன் நம்பினார். கேட்டில் நிற்கிறவரும் அதே கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்தானே? கடைசியில் ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமரசம் பண்ணினோம். விண்ணப்பிக்கவில்லை என்று நிரூபிக்கும் பாரம் கம்பெனிக்குத்தான் என்று சட்டம் படித்த யாராவது உங்களுக்குத் தைரியம் சொல்வார்கள். வார்த்தை சரி. அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள்.

அதனால் நாளைக்கே கடிதம் போகட்டும். நீளம் வேண்டாம். இன்ன எண்ணும் தேதியும் கொண்ட அழைப்பாணைப்படி ராணுவ சேவைக்குப் போனேன், ஜூலை 31-ஆம் தேதி சேவை முடிந்தது, பிராந்திய ராணுவச் சட்டம் 7ஏ பிரிவின்படி என்னைப் பழைய வேலையில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்கிறேன், இன்ன தேதியிலிருந்து வேலைக்கு வரத் தயார். அவ்வளவுதான். காஷ்மீர் குளிர், அப்பாவின் மனவேதனை, மேனேஜர் பேசிய பேச்சு எதுவும் அதில் வரக்கூடாது. அழைப்பாணை, திருப்பி அனுப்பிய ஆணை இரண்டின் நகலையும் வையுங்கள். பாளையங்கோட்டை தலைமைத் தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்டில் போட்டு, ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அதே கடிதத்தை ஈமெயிலிலும் அனுப்புங்கள். மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் ‘சார் வந்துட்டேன்’ என்று போட்டதை விண்ணப்பம் என்று வாதாட முடியும், ஆனால் அந்த நிலைமைக்கு என்னைத் தள்ளாதீர்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதில் அடுத்த குழி இருக்கிறது. சிப்காட்டில் பாதிப் பேருக்குத் தங்கள் முதலாளி யார் என்றே தெரிவதில்லை. கேட்டில் ஒரு பேர், சம்பளச் சீட்டில் காண்டிராக்டர் பேர். பி.எஃப். பாஸ்புக்கில் எந்த நிறுவனத்தின் பேர் இருக்கிறதோ அவருக்கும் அனுப்புங்கள், கம்பெனிக்கும் அனுப்புங்கள். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால், ‘நான் முதலாளி இல்லை’ என்று அவர் பதில் போடுவதற்குள் உங்கள் இரண்டு மாதம் ஓடியிருக்கும்.

அடுத்தது கையெழுத்து. ‘பழைய கணக்கு ஏதோ பாக்கி இருக்கு, வந்து வாங்கிக்கோ’ என்று கூப்பிடுவார்கள். போனால் ஒரு வவுச்சர் இருக்கும். முழுக் கணக்கும் தீர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் அச்சடித்திருக்கும். வீட்டில் நகை அடகில் இருக்கும்போது பத்தாயிரம் ரூபாய் பெரிய பணம்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் என்னிடமோ வேறு வக்கீலிடமோ காட்டாமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். பி.எஃப். பணத்தை முழுதாக எடுக்கவும் அவசரப்படாதீர்கள். வேலையை விட்டுவிட்டதாக நீங்களே சொல்லி எடுத்த பணம் என்று அதைத் தூக்கிக் காட்டுவார்கள். ராணுவ சேவையில் இருந்த காலத்துக்கு பி.எஃப். உரிமையைக் காப்பாற்றவென்றே 7பி பிரிவு இருக்கிறது.

எனக்கு உறுத்துகிற ஒரு விஷயம் இருக்கிறது. கிளம்பும்போது கம்பெனியில் ஏதாவது எழுதிக் கொடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை. ‘ஒரு ஃபார்மாலிட்டிதான் தம்பி’ என்று சொல்லி ராஜினாமா எழுதி வாங்கியிருந்தால் வழக்கு சிக்கலாகிவிடும். அழைப்பாணை வந்த பிறகு கேட்டு வாங்கிய ராஜினாமா, வேலைநீக்கத்துக்குச் சமம் என்று நான் வாதாடுவேன். ஜெயிக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அதே மாதிரி, யூனிட்டில் ‘சொந்த விருப்பத்தில் வருகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துப் போயிருந்தால், ‘இவரை யாரும் அழைக்கவில்லை, தானாகப் போனார்’ என்று கம்பெனி சொல்லும். அதற்குப் பதில் அழைப்பாணைதான். அது தொலைந்திருந்தால் இன்றைக்கே யூனிட்டுக்கு எழுதி நகல் கேளுங்கள்.

இனி பணத்தைப் பேசுவோம், ஏனென்றால் உங்கள் நண்பர்கள் லட்சக்கணக்கில் கனவு காட்டியிருப்பார்கள். வேலை கொடுக்க முடியாவிட்டால் அந்த அதிகாரி உத்தரவிடக்கூடிய நஷ்டஈடு, கடைசியாக வாங்கிய சம்பளக் கணக்கில் அதிகபட்சம் ஆறு மாதச் சம்பளம். உங்களுக்கு 87,000 ரூபாய். அது உச்சவரம்பு, அதைவிடக் குறைவாகவும் போடலாம். உத்தரவை மீறினால் கம்பெனிக்கு அபராதம் 1,000 ரூபாய் வரை. கம்பெனியில் ஒருநாள் டீச் செலவு அதைவிட அதிகம் இருக்கும், பயந்து ஓடிவருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஆகவே முதலில் கடிதம், பிறகு பேச்சு. கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு கம்பெனி உங்களைக் கூப்பிட்டு, பழைய மெஷின் இல்லை, வேறு லைனில் நைட் ஷிஃப்ட், சம்பளம் அதேதான் என்று சொன்னால் போய்ச் சேருங்கள். ‘குறையாத நிலைமை’ என்று சட்டம் பேசிக்கொண்டு வெளியே நிற்க வேண்டாம். வேலை இல்லை, பணம் தருகிறோம் என்றால், அறுபதாயிரத்துக்கு மேல் ஒரே தவணையில் வங்கிக் கணக்குக்கு வரும் என்றால், அதோடு ஆறு வருஷ அனுபவச் சான்றிதழும் தருவார்கள் என்றால், வாங்கிக்கொண்டு வேறு வேலை தேடுங்கள். மிச்சமுள்ள இருபத்துச் சொச்சம் ஆயிரத்துக்காக எத்தனை முறை அம்பாசமுத்திரத்திலிருந்து அலைவீர்கள்? ரோஷம் இருக்கும், இருக்கட்டும். நகையை மீட்க அது உதவாது. நாற்பதாயிரத்துக்குக் கீழே பேசினால் என்னிடம் வாருங்கள், அதிகாரியிடம் போவோம்.

புதிய இடத்தில் சேரும்போது, நான் பிராந்திய ராணுவத்தில் இருக்கிறேன் என்று முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மறைத்துச் சேர்ந்து, அழைப்பு வந்த அன்று சொன்னால் அங்கேயும் இதே கதைதான். வேலை போய்விடுமோ என்று பயந்து முகாமுக்குப் போகாமலும் இருந்துவிடாதீர்கள். போக முடியாவிட்டால் முன்கூட்டியே யூனிட்டுக்கு எழுதி அனுமதி கேளுங்கள், சொல்லாமல் நின்றால் இரண்டு பக்கமும் போய்விடும்.

நாளை தபால் ரசீது கையில் வந்ததும் என் ஆபீசுக்கு வாருங்கள். அழைப்பாணை, கடைசிச் சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக் மூன்றும் வேண்டும். கிளம்பும்போது கம்பெனியில் என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்பதை வருகிற வழியில் ஒரு வார்த்தை விடாமல் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.