ரேம் கூட்டினால் மாடல் ஓடுமா?

கேள்வி: ஆத்தூர், தலைவாசல், கருமந்துறைப் பக்கத்து 40 ஊர்களிலிருந்து 6 சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குக் குச்சிக்கிழங்கு அனுப்பும் லாரிச் செலவைக் குறைக்க எக்செல்லில் சிறந்த விடையைத் தேடித் தரும் 'சால்வர்' வசதியில் கணக்குப் போட்டேன். மாறும் செல்கள் அதிகம் என்று நின்றுவிட்டது. இதே வகைக் கணக்குக்கான கேம்ஸ் (GAMS) மென்பொருளின் டெமோவில் 12 மாதத்துக்கு விரித்தேன்; அங்கே உரிம வரம்பு தாண்டிவிட்டதாம். லேப்டாப்பில் ரேம் கூட்டட்டுமா?
– எம்.ஏ. பொருளியல் மாணவி, சேலம்

பதில்: வேண்டாம், காசு வீண். தடுப்பது உரிமம், நினைவகம் அல்ல.

எக்செல்லோடு வரும் சால்வருக்கு 200 மாறிதான் (மாறி என்பது விடை தேட அது மாற்றிப் பார்க்கும் செல்). உங்கள் அட்டவணையில் 40×6 = 240. தூரத்து ஆலைக்கு 'பூஜ்யம்' என்று கட்டுப்பாடு போட்டாலும் அந்த செல் எண்ணிக்கையில் இருக்கும். கிழங்கு வெட்டி ஓரிரு நாள் கடந்தால் கெட ஆரம்பிக்கும். எல்லா ஊரும் எல்லா ஆலைக்கும் அனுப்பப் போவதில்லை. எனவே அட்டவணையைக் கலைத்து, உண்மையில் லாரி போகும் வழிகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள்: ஊர், ஆலை, டன்னுக்குச் செலவு, அளவு. ஊருக்கு 3 ஆலை என்றால் 120 வரி. ஊர்வாரி, ஆலைவாரி மொத்தத்துக்கு 'சம்இஃப்' (SUMIF) போதும்.

கேம்ஸ் டெமோவில் லீனியர் மாடலுக்கு (மாறிகளை எண்ணால் மட்டும் பெருக்கிக் கூட்டும் கணக்கு) 2000 மாறி, 2000 சமன்பாடு. உங்களுடையதில் 40×6×12 = 2880; ஆலை இருப்புக்கு 6×12 = 72, மொத்தச் செலவுக்கு 1 சேர்த்தால் 2953. கேம்ஸ் எழுதித் தரும் லிஸ்டிங் கோப்பில் 'பிளாக்ஸ்' (மாறித் தொகுதிகள்) எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், 'சிங்கிள் வேரியபிள்ஸ்' வரிதான் கணக்கு. இங்கேயும் வழிப் பட்டியலை டாலர் நிபந்தனையாக ($ குறி போட்டு, பட்டியலில் உள்ள வழிகளை மட்டும் எடுக்கச் சொல்வது) போட்டால் 40×3×12 + 73 = 1513. நிபந்தனையை வரத்து, கொள்ளளவு, இருப்புச் சமன்பாடுகளில் எழுதிவிட்டு, செலவுச் சமன்பாட்டில் விட்டுவிடுவதுதான் பலரும் சறுக்கும் இடம். அந்த ஒரு சமன்பாடு வழியாக 2880-ம் திரும்ப உள்ளே வந்துவிடும்.

பாயிண்ட் விலையை (கிழங்கின் மாவுச்சத்துப் புள்ளிக்கு ஆலை தரும் விலை) தரவாகக் கொடுக்கும்வரை மாடல் லீனியர். வரத்து கூடினால் விலை இறங்கும் என்பதை மாடலுக்குள்ளேயே எழுதினால் விலையும் அளவும் பெருக்கிக்கொள்ளும். மாடல் நான்-லீனியர் ஆகி, டெமோ வரம்பும் 1000-க்கு இறங்கும். அப்போது 1513 தாங்காது. ஊர்களை 20 தொகுதியாகச் சேர்த்தால் 20×3×12 + 73 = 793; மாத விலைக்கு 12 கூட்டினாலும் இடமிருக்கும். சேர்க்கும்போது வரைபடத்தில் பக்கம் பக்கமாகத் தெரிவதை நம்பவேண்டாம், லாரி வாடகையைப் பாருங்கள். கருமந்துறை மலையூர்களை அடிவாரத்து ஊர்களோடு கலந்தால், சராசரிச் செலவு மலைக்குக் குறைவாகவும் சமவெளிக்கு அதிகமாகவும் விழும். விடை தப்பான ஆலையைக் காட்டும்.

ஊர்களைச் சேர்க்க மனமில்லை, மாடலும் லீனியர்தான் என்றால் ஓப்பன்சால்வர் போடுங்கள். எக்செல்லிலேயே ஓடும், இலவசம், மாறிக்கு உரிம வரம்பு கிடையாது. பைதான் தெரிந்தால் மாடல் எழுத பயோமோவும் (Pyomo), விடை தேட ஹைஸும் (HiGHS).