அளந்து சாப்பிடுவது நம் வழக்கம் இல்லையா?

சிங்கப்பூர் ஈசூன் வட்டார வாசகி ஒருவர் கேட்கிறார்: "எனக்கு வயது 41. பாலிகிளினிக்கில் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 27 என்று சொல்லி, சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள். வீட்டில் அம்மாவோ, 'அளந்து சாப்பிடுவது வெள்ளைக்காரன் பழக்கம், நம் முன்னோர் வயிறாரத்தான் சாப்பிட்டார்கள்' என்று கரண்டியோடு நிற்கிறார். அந்தக் காலத்தில் உண்மையில் எப்படி? அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?"

அம்மா சொல்வதில் பாதி சரி. சங்க நூலான பொருநராற்றுப்படையில் ஒரு கலைஞன், கரிகாலன் அரண்மனையில் இரவும் பகலும் இறைச்சி தின்று, கொல்லையை உழுத ஏர்க் கொழுவைப் போல் பல் மழுங்கிவிட்டது என்று மகிழ்ந்து சொல்கிறான். ஆனால் அப்படிப்பட்டவர்கள் எந்த வீட்டிலிருந்து கிளம்பி வந்தார்கள் என்பதை இன்னொரு சங்க நூலான சிறுபாணாற்றுப்படை காட்டும். அடுப்படியில் குட்டி போட்ட நாய். மடியில் பால் இல்லை. கண் திறக்காத குட்டிகள் கவ்வுவதைத் தாங்க முடியாமல் அது குரைக்கிறது. வீட்டுக்காரி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேக வைக்கிறாள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு சாப்பிடுகிறாள். எத்தனை முறை படித்தாலும் மனம் கனக்கும் இடம் இது. 'இன்னும் ஒரு கரண்டி' என்ற சொல் இந்தப் பசியைப் பார்த்த வாயிலிருந்து வந்தது. அதனால் அம்மாவிடம் இதற்காகக் கோபப்படாதீர்கள்.

மறுபாதிதான் தவறு. அளவு நமக்கு யாரும் இறக்குமதி செய்து தந்ததல்ல. விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவர், 'மருந்து' அதிகாரத்தின் பத்துக் குறளில் ஆறை (942 முதல் 947 வரை) சாப்பாட்டுக்கே கொடுத்திருக்கிறார். முன்பு தின்றது செரித்ததா என்று பார், நன்றாகப் பசித்த பின் உண், அளவறிந்து உண். அடுத்தவர் இலைக்குத் தாராளம், தன் இலைக்கு அளவு. 'உண்பது நாழி' (நாழி என்பது தானியம் அளக்கும் பழைய அளவு) என்று புறநானூறும் (189) சொல்கிறது.

உடல் எடையைப் பற்றியும் யோசித்திருக்கிறார்கள். பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை மிகப் பருத்த உடல், மிக மெலிந்த உடல் இரண்டையும் குறை என்றே வைக்கிறது. பருத்தவருக்கு அது சொல்லும் தானியங்களில் சாமை, வரகு, பார்லி, கொள்ளு எல்லாம் வருகின்றன. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று நம் பாட்டிகள் சொல்லவில்லையா? இங்கே தேக்கா வட்டாரக் கடைகளில் இவை கிடைக்கும். ஆனால் ஒன்று: வரகுச் சோறும் மாவுச்சத்துதான். தட்டு நிறையப் போட்டால் பலன் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கோசல நாட்டு மன்னன் பசேநதியின் கதை. பாலி மொழிப் பௌத்த நூல்களில் வருகிறது. துரோணம் என்ற பெரிய அளவு சோறு தின்றுவிட்டு, மூச்சு வாங்கப் புத்தரைப் பார்க்க வருகிறான். அளவறிந்து உண்பவனுக்கு நோவு குறையும், முதுமை மெல்ல வரும் என்று புத்தர் ஒரு பாட்டுச் சொல்கிறார். மன்னன் ஓர் இளைஞனை அதை மனப்பாடம் செய்ய வைத்து, சாப்பிடும்போதெல்லாம் பாடச் சொல்கிறான். கடைசிக் கவளத்தை எடுக்கும்போது பாட்டு வரும், அந்தக் கவளத்தை விட்டுவிடுவான், அடுத்த வேளை அந்த அளவு அரிசியைக் குறைத்துப் போடுவார்கள் என்று உரை விவரிக்கிறது. இப்படியே படிப்படியாக ஒரு நாழிக்கு வந்து, உடம்பும் இளைத்தான். அவன் பட்டினி கிடக்கவில்லை. அவனை யாரும் கேலி செய்யவும் இல்லை.

நீங்களும் அப்படியே செய்யலாம். சிங்கப்பூரில் பிஎம்ஐ 23 முதலே கவனிக்க வேண்டிய அளவு, 27.5-ஐத் தொட்டால் அதிக ஆபத்து. நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். ஆனாலும் அவசரம் வேண்டாம். இந்த வாரம் மதியம் ஒரு கைப்பிடி சோறு குறையட்டும், அந்த இடத்தில் கீரையோ புடலங்காய்ப் பொரியலோ வரட்டும். இரண்டு வாரம் கழித்து அடுத்த கைப்பிடி. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் மட்டும், முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் அம்மா. அந்த இளைஞனின் வேலையை அவரிடமே கொடுங்கள். "கடைசிக் கரண்டி எதுன்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்று கேட்டுப் பாருங்கள். கரண்டி அவர் கையிலேயே இருக்கட்டும்.