ஆரோக்கியமானவர் சீரத்திலும் நிறம் வருவது ஏன்?

கேள்வி: ஒரு நோய்க்கிருமியின் வெளிச்சவ்வுப் புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்து, சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) அதற்கெதிரான ஆன்டிபாடி இருந்தால் நிறத்தால் காட்டும் எலைசா சோதனை செய்கிறோம். நோயாளிகளின் சீரம் மட்டுமல்ல, ஆரோக்கியமானவர்களின் சீரமும் அடர் மஞ்சளாகிறது. புரதம் கெட்டுவிட்டதா? – ஆய்வு மாணவி

பதில்: முதலில் ஈ.கோலையைச் சந்தேகியுங்கள். அது நம் குடலில் குடியிருப்பது. அதற்கெதிரான ஐஜிஜி ஆன்டிபாடி ஆரோக்கியமானவர் ரத்தத்திலும் இருக்கும். உங்கள் புரதத்தோடு ஒட்டிவரும் ஈ.கோலைச் சரக்கை அது பிடித்துக்கொள்கிறது. ஜெல்லில் ஒரே பட்டை தெரிகிறது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். ஈ.கோலையின் வெளிச்சவ்விலுள்ள லிப்போபாலிசாக்கரைடு, புரதத்தைக் காட்டும் கூமாசி சாயத்தில் தெரியாது.

அந்த ஆன்டிபாடியை வடிகட்ட, உங்கள் புரதத்தின் மரபணு இல்லாத வெறும் பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) ஏற்றிய ஈ.கோலையை உடைத்து, அந்தக் கரைசலில் சீரத்தை 1:100 நீர்த்து, 4 டிகிரியில் இரவு முழுக்கச் சுழலவிடுங்கள். சென்ட்ரிஃபியூஜ் செய்து மேல்திரவத்தை மட்டும் எடுங்கள். அதே வெறும் செல்லை புரதத்தைப் பிரித்த அதே நிக்கல் காலமில் (column) ஓட்டி, வருவதை எலைசா தட்டின் ஒரு வரிசைக் குழிகளில் பூசுங்கள். ஒவ்வொரு சீரத்துக்கும் அந்தக் குழியின் நிற அடர்த்தியை (ஓ.டி.) கழித்துப் பாருங்கள். நீங்கள் ஆராய்வது சால்மோனெல்லா போன்ற, ஈ.கோலையின் நெருங்கிய உறவுக்கார கிருமி என்றால் உஷார்: இரண்டின் வெளிச்சவ்வுப் புரதங்களும் ஏறத்தாழ ஒரே சாயல், ஆகவே தேடும் ஆன்டிபாடியே இந்த வடிகட்டலில் போய்விடலாம்.

அடுத்தது மடிப்பு, அதாவது புரதம் தன் இயல்பான வடிவில் இருக்கிறதா என்பது. 8 மோலார் யூரியாவில் கரைத்த புரதம் விரிந்த இழைதான். உயிருள்ள கிருமியின் மேற்பரப்பில் ஆன்டிபாடி பிடிக்கும் வளையங்களுக்குப் பல நேரம் பீப்பாய் வடிவம் அவசியம். மீள்மடித்த புரதத்தை எஸ்டிஎஸ் டிடர்ஜென்ட் சேர்த்து, கொதிக்கவைத்தும் வைக்காமலும் ஜெல்லில் ஓட்டுங்கள்; ஓம்ப்-ஏ போன்ற வெளிச்சவ்வுப் புரதம் சரியாக மடிந்திருந்தால், கொதிக்காத மாதிரி வேகமாக ஓடிக் கீழே நிற்கும். இரண்டும் ஒரே உயரம் என்றால் மீள்மடிப்பில் சந்தேகம் கொள்ளுங்கள்.

பூச்சுக்கு மில்லிக்கு 1 முதல் 5 மைக்ரோகிராம், பிஎச் 9.6 கார்பனேட் கரைசல் போதும். டிடர்ஜென்ட் அதிகமிருந்தால் புரதம் தட்டில் ஒட்டாது.

கேள்வி: எலைசா அளவு கூடினால் பாதுகாப்பு உண்டு என்று எழுதலாமா?

பதில்: கூடாது. எலைசா ஒட்டுவதைக் காட்டும், கொல்வதை அல்ல. கொல்வதைக் காட்ட, சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, அதன் சொந்த காம்ப்ளிமென்ட்டை (ஆன்டிபாடி ஒட்டிய கிருமியைக் கொல்லும் ரத்தப் புரதங்கள்) முடக்கி, நீர்த்து, கிருமியோடும் வெளியிலிருந்து சேர்த்த காம்ப்ளிமென்ட்டோடும் ஒரு மணி நேரம் வைத்து, பிழைத்த கிருமிகளின் காலனிகளை எண்ண வேண்டும். மூளைக்காய்ச்சல் கிருமியான மெனிங்கோகாக்கஸுக்கு, மனித காம்ப்ளிமென்ட்டோடு 1:4 நீர்ப்பில் கொன்றாலே பாதுகாப்பின் அறிகுறி என்று கொள்கிறார்கள். காம்ப்ளிமென்ட் மட்டும் போட்ட குழியை மறக்காதீர்கள்; அதைக் கொடுத்தவரிடமே ஆன்டிபாடி இருந்தால் அந்தக் குழியிலும் கிருமி செத்துப்போகும்.