பட்டவருக்குத்தான் தெரியுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பதினொரு வருஷம் சேலைப் பிரிவில் நின்றவள் நான். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை. சாப்பாட்டு நேரம் தவிர உட்காரக்கூடாது. 2017 தீபாவளி சீசனில் இடுப்பு பிடித்தது, விடவே இல்லை. ஜவ்வு விலகியிருக்கிறது என்றார்கள். நாலு வருஷம் பெல்ட், ஊசி, எண்ணெய், வர்மம். வேலையும் போயிற்று. கடைசியில் ஃபிசியோதெரபிக்கு வந்த பெண் தெருவில் ஒரு லைட்டுக் கம்பம் வரை நடக்கச் சொன்னாள். அடுத்த வாரம் இரண்டாவது கம்பம். அப்படியே எழுந்துவிட்டேன். இப்போது எப்போதாவதுதான் வலி எட்டிப் பார்க்கிறது.

ஒரு வருஷமாக எங்கள் பகுதி நர்ஸம்மாவுக்குத் துணையாகப் படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய்வருகிறேன். இதையே பிழைப்பாக்கிக்கொள்ள ஆசை. வீட்டோடு தங்கி நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஏஜென்சியில் ஆள் கேட்கிறார்கள். 'உனக்கே உடம்பு சரியில்ல, நீ யாரப் பாக்கப்போற?' என்கிறார் வீட்டுக்காரர். இந்த வலி எனக்கு வரம், இதற்காகத்தான் கடவுள் அதைத் தந்தார் என்று தோன்றுகிறது. பட்டவருக்குத்தானே தெரியும்? வயது 39, பிளஸ் டூ படித்திருக்கிறேன். சரிவருமா?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

'வரம்' என்ற சொல்லோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. உங்கள் இடுப்புக்காகக் கடவுளை இழுப்பதற்கு முன்னால் நான் கடையை இழுப்பேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018லும் தமிழ்நாடு 2021லும் சட்டத்தைத் திருத்தின. அந்த நாற்காலி உங்களுக்கு நாலு வருஷம் தாமதம். தவிர, உங்கள் வலி வரம் என்றால் நீங்கள் பார்க்கப்போகிற வீட்டில் படுத்திருப்பவருடையது என்ன? அங்கே வாய்தவறிக்கூட இதைச் சொல்லிவிடாதீர்கள்.

பட்டவருக்குத்தான் தெரியும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் என் வலது தோள் இறுகிப்போய்க் கை மேலே எழும்பாமல் கிடந்தேன். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் தோள்வலி கண்டவர்கள். அவரவர் தோளின் வரலாற்றை முழுக்கக் கேட்டேன், காபி ஆறிப்போகும் வரை. பிறகு ஒரு ஃபிசியோதெரபிப் பையன் வந்தான். வலி எப்படி இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. என் சட்டையைப் பார்த்துவிட்டு, "இத யார் சார் மாட்டிவிட்டா?" என்றான். மனைவிதான். "எந்தக் கைய மொதல்ல விட்டாங்க?" எனக்குத் தெரியவில்லை. கழற்றி மாட்டச் சொன்னான். போடும்போது வலிக்கிற கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். அவ்வளவுதான் வித்தை. ஏழு மாதத்தில் முதல் தடவையாக யார் துணையும் இல்லாமல் சட்டை போட்டுக்கொண்டேன். உனக்குத் தோள்வலி வந்திருக்கிறதா என்று கேட்டேன். "ஐயோ, எனக்கெதுக்கு சார்" என்று சிரித்தான்.

உங்களுக்குச் சொல்ல எனக்கு வேறொருவரும் இருக்கிறார். சிசிலி சாண்டர்ஸ். இரண்டாம் உலகப்போரின்போது லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி பெற்றவர். முதுகுவலி அவரை அந்த வேலையிலிருந்து வெளியே தள்ளியது. திரும்பப் படித்து மருத்துவமனைச் சமூகப்பணியாளர் ஆனார். அப்போதுதான் வார்சாவிலிருந்து வந்த டேவிட் டாஸ்மா என்ற யூத அகதியைச் சந்தித்தார். புற்றுநோய், சொந்தம் என்று யாரும் இல்லை. சாகிறவர்களுக்கென்று ஓர் இடம் எப்படி இருக்கவேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். 1948ல் இறந்த டாஸ்மா அவருக்கு 500 பவுண்டு எழுதிவைத்தார், உன் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருக்கிறேன் என்று.

கையில் பணமும் மனசு நிறையக் கனிவும் இருந்தது, முதுகுவலி கண்ட அனுபவமும் இருந்தது. ஆனாலும் அவர் உடனே இல்லம் கட்டக் கிளம்பவில்லை. மாலை நேரங்களில் சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் செயின்ட் லூக்ஸ் என்ற இல்லத்துக்குத் தொண்டராகப் போனார். மற்ற இடங்களில் நோயாளி வலியில் கத்தினால்தான் ஊசி. அங்கே வலி திரும்புவதற்கு முன்பே, மணி பார்த்து மருந்து கொடுத்தார்கள். அதைக் கவனித்து வைத்துக்கொண்டார். இந்த நோயாளிகளுக்காக உழைக்க வேண்டுமென்றால் மருத்துவம் படி என்று ஒரு அறுவை மருத்துவர் சொல்ல, 33 வயதில் போய்ச் சேர்ந்தார். 1957ல் டாக்டரானபோது உங்கள் வயதுதான், 39 நடந்துகொண்டிருந்தது. சாகிறவர்களுக்கென்று அவர் கட்டிய இல்லம், செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ், திறந்தது 1967ல். ஜன்னல் முதலில் கிடைத்தது, அதைச் சுற்றி வீடு எழும்ப 19 வருஷம்.

அவரிடம் ஒரு நோயாளி, முதுகில்தான் ஆரம்பித்தது டாக்டர், இப்போது நானே முழுக்கக் கெட்டுவிட்டது போலிருக்கிறது என்றார். உடம்பு, மனசு, வீட்டு நிலைமை, இனி என்ன என்ற பயம் எல்லாம் சேர்ந்ததுதான் வலி என்று சாண்டர்ஸ் பிறகு எழுதியதெல்லாம் இப்படிக் காதில் விழுந்தவற்றிலிருந்து வந்தது. வலி கண்டவருக்கு இந்தக் காது கொஞ்சம் சுலபமாக வாய்க்கும். அதற்கு மேல் உள்ளதைப் படித்துத்தான் ஆகவேண்டும்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதில் பாதி நியாயம். ஸ்கேனில் ஜவ்வு விலகியிருக்கிறது என்பதற்காக நீங்கள் காலத்துக்கும் நோயாளி அல்ல. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த கட்டுரைகளை 2015ல் தொகுத்துப் பார்த்தார்கள். 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு ஜவ்வு பிதுங்கித்தான் இருந்தது. முழுக்கக் குணமானால்தான் போகலாம் என்றும் இல்லை. வலி மருத்துவத்தைத் தனித் துறையாக்கிய ஜான் போனிக்கா, படிப்புச் செலவுக்காக முகமூடி போட்டு மல்யுத்தம் செய்தவர். அந்தக் காயங்களின் வலி சாகும் வரை அவரோடு இருந்தது.

ஆனால் ஏஜென்சி வேலை வேண்டாம். அறுபது கிலோ ஆளை இரண்டு மணிக்கொரு தடவை தனியாகப் புரட்டிப் போடவேண்டும், ராத்திரியிலும். சேலைக் கவுன்ட்டரை விட்டு வந்து அதைவிடப் பாரம் தூக்கப்போகிறீர்கள். அந்த வேலையைச் செய்கிற பெண்கள் பலர் பிறகு பெல்ட் கட்டுகிறார்கள்.

நர்ஸம்மாவிடமே கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வலிநிவாரண நர்ஸும் ஃபிசியோதெரபிஸ்ட்டும் வீடு தேடி வருகிறார்கள், மகளிர் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். ஆள் எடுக்கும்போது தெரியவரும். கோழிக்கோட்டில் 1993ல் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய அக்கம்பக்கத்தாருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களை வைத்தே வளர்ந்தது. அப்படி ஒரு பயிற்சியை முதலில் முடியுங்கள். புண் கட்டுவது, போர்வையை இழுத்து இரண்டு பேராக ஆளை நகர்த்துவது, பேசாமல் உட்கார்ந்திருப்பது. சம்பளம் உடனே வராது. அதுவரை உட்கார்ந்து செய்கிற ஏதாவது வேலை பாருங்கள். ஜவுளி தெரிந்தவருக்கு ஈரோட்டில் அது கிடைக்காதா என்ன?

ஒன்று உறுத்துகிறது. ஒரு வருஷமாக வீடு வீடாகப் போகிறீர்கள். கடிதத்தில் உங்கள் இடுப்பு இருக்கிறது, பெல்ட் இருக்கிறது, லைட்டுக் கம்பம்கூட இருக்கிறது. அந்த வீடுகளில் படுத்திருக்கிற ஒருவர்கூட இல்லை. அடுத்த முறை அவர்களில் ஒருவரைப் பற்றி எழுதுங்கள். பெயர் வேண்டாம். கட்டில் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது, அங்கிருந்து அவருக்கு என்ன தெரிகிறது, அது போதும்.