காமிக் கான் சுருங்கிடுச்சு, பழைய இதழ் வாங்க மட்டும் போகலாமா?

போங்க. கண்டிப்பா போங்க.

"மூணு நாள் நடந்த காமிக் கான், அதாவது காமிக்ஸ் ரசிகர்கள் கூடுற விழா, இந்த வாட்டி ஒரே நாள், ஒரே ஹால், நடிகர்கள் யாரும் வரல, பேனல்னு சொல்ற மேடைப் பேச்சும் இல்ல, வெறும் பேக் இஷ்யூ, அதாவது பழைய இதழ் வாங்குறதுக்காக டிக்கெட் எடுக்கலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. உங்ககிட்ட ஏதோ ஒரு சீரிஸ் பாதி சேர்ந்து நிக்குது, நடுவுல சில நம்பர் கிடைக்காம ரொம்ப நாளா தேடிட்டு இருக்கீங்கன்னு நினைக்கிறேன், இல்லன்னா இப்படி ஒரு கேள்வி வராது. எனக்கு முன்னாடி பதில் சொன்ன ரெண்டு பேர் "காசு தண்டம், வீட்டுலயே இருங்க"ன்னு எழுதியிருக்காங்க. அதைப் படிச்சிட்டு சும்மா போக மனசு வரல.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், இல்லன்னா கமென்ட்ல வந்து சண்டை போடுவாங்க. கேரக்டர் மாதிரியே டிரஸ் போட்டு காஸ்ப்ளே பண்றவங்க, ஆட்டோகிராஃப் வாங்கப் போறவங்க எல்லாம் ஏமாந்து போனது நியாயமான வருத்தம், அவங்க மாசக்கணக்கா உக்காந்து டிரஸ் தைக்கிறாங்க. அவங்களை நான் குறை சொல்லவே இல்ல. பழைய இதழ் தேடுறவங்களுக்கு மட்டும் தான் இந்தப் பதில்.

கான் சின்னதா இருந்தா அது கானே இல்லங்குற பேச்சு எனக்கு ஒத்து வராது. இன்னைக்கு லட்சம் பேருக்கு மேல கூடுற சான் டியாகோ காமிக் கான் 1970 மார்ச்ல ஒரு ஹோட்டல்ல ஒரே நாள் நடந்த சின்ன கூட்டமா தான் ஆரம்பிச்சுது, வந்தவங்க சுமார் 100 பேர். அதுவும் ஆகஸ்ட்ல மூணு நாள் நடத்தலாம்னு, அதுக்குக் காசு சேக்க வெச்ச கூட்டம். 2020ல கொரோனாவால நேர்ல நடத்த முடியாம போயி, 2021 நவம்பர்ல திரும்ப கூடினப்போ அவங்களே சுருக்கி தான் நடத்தினாங்க. அப்போ பழைய இதழ் விக்கிற டீலர் மேசையும், இதழ்களை அடுக்கி வெக்கிற நீள அட்டைப்பெட்டி, அதான் லாங் பாக்ஸ், அதுவும் இருந்தா அது முழு கான் தான், என் கணக்குல.

என் கதைக்கு வரேன். நான் சேக்குறது மார்வெல் கம்பெனி போட்ட டூம்ப் ஆஃப் டிராகுலாங்குற காமிக்ஸ். 1972ல இருந்து 1979 வரைக்கும் 70 இதழ், எழுபதுக்கும் ஜீன் கோலன் ஒருத்தரே படம் போட்டாரு, ஒரே கை முதல் இதழ்ல இருந்து கடைசி வரைக்கும் வளர்றதைப் பாக்கணும்னு தான் சேக்க ஆரம்பிச்சேன். பத்தாவது இதழ்ல தான் பிளேடுங்குற வேம்பயர் வேட்டைக்காரன் முதல் தடவை வருவான், அதனால அது கைக்கு எட்டாத விலைக்குப் போயிடுச்சு, அதை எப்பவோ கவர் கிழிஞ்ச, படிக்க மட்டும் ஆகுற ரீடர் காப்பியா வாங்கிட்டேன். பாக்கி இருந்தது ஒண்ணே ஒண்ணு, 1974ல வந்த இதழ். பெரிய விலை எல்லாம் இல்ல, ஆனா கண்ணுலயே படல. பெரிய கான் மூணுக்குப் போயும் கிடைக்கல, ஏன்னா அங்க பாக்ஸ் கிட்டயே நிக்க முடியாது, பின்னாடி நாலு பேர் முதுகுல பையை வெச்சு இடிச்சுட்டே இருப்பாங்க, டீலருக்கும் நம்ம முகத்தைப் பாக்க நேரம் இருக்காது.

அப்புறம் உங்களோடது மாதிரி சுருக்கின ஒரு கானுக்குப் போனேன், உள்ள போனப்போ பாதி ஹால் காலி. மனசு விட்டுப் போச்சுன்னு தான் சொல்லணும். ஆனா ஓரமா ஒரு பெரியவர் ஒம்பது லாங் பாக்ஸ் போட்டு உக்காந்திருந்தாரு, மேசைக்கு அடியில இன்னும் நாலு. பெரிய கூட்டம்னா அடியில இருக்குற பாக்ஸை யாரும் வெளிய இழுக்கக் கூட மாட்டாங்க. நான் தயங்கி நின்னேன், அவரே "தரையில உக்காந்து நிதானமா பாருங்க தம்பி, யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க"ன்னு சொன்னாரு. ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்தேன். மூணாவது பாக்ஸ்ல, லேபிள் இல்லாத கட்டுக்கு நடுவுல இருந்துச்சு.

அவர் அதை பிளாஸ்டிக் பையில இருந்து எடுத்த விதத்தை சொல்லியே ஆகணும். டேப்பை முழுசா பிரிச்சு, அதை பையோட பின்பக்கம் மடிச்சு ஒட்டிட்டு, அப்புறம் தான் பின்னாடி வளையாம இருக்க வெச்சிருக்குற அட்டை போர்டோட சேத்து இதழை வெளிய எடுத்தாரு. நிறைய பேர் டேப்பைப் பாதி பிரிச்சு தொங்க விட்டுட்டு உருவுவாங்க, அது கவர்ல ஒட்டி அம்பது வருஷத்து மையை ஒரே இழுப்புல உரிச்சிடும். நீங்க போற இடத்துல டீலர் கிட்ட கேட்டுட்டு திறங்க, ஆனா இப்படி திறங்க.

அப்புறம் அவரே பக்கம் பக்கமா புரட்டி, வாசகர் கடிதம் வர்ற லெட்டர்ஸ் பேஜ்ல வந்து நிறுத்தி "இதைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க"ன்னாரு. கீழ ஓரத்துல ஒரு சதுர ஓட்டை. கத்தரியால நேரா வெட்டியிருக்கு, ஒரு மூலையில மட்டும் கொஞ்சம் கோணலா போயிருக்கு. 1974ல மார்வெல் தன்னோட இதழ்கள்ல வேல்யூ ஸ்டாம்ப்னு சின்னச் சின்ன படம் அச்சடிச்சாங்க, வெட்டி ஒரு புக்ல ஒட்டி சேருங்கன்னு சொன்னாங்க, குழந்தைங்க சொன்னபடி வெட்டிட்டாங்க. அதனால தான் அந்தக் கால மார்வெல் வாங்கினா லெட்டர்ஸ் பேஜைப் பாக்காம வாங்கவே கூடாது. அதே வருஷம் வந்த ஹல்க் 181வது இதழ், வுல்வரின்ங்குற ஹீரோ முழுசா வர்ற முதல் இதழ், அதுல ஸ்டாம்ப் இருக்கா இல்லையாங்குறதுல விலையே தலைகீழா மாறும். கவர் பளபளன்னு இருக்கும், உள்ள ஓட்டை இருக்கும்.

என் இதழ்ல ஓட்டைக்குப் பின்பக்கம் விளம்பரம், கதை தப்பிச்சுது. அவர் கேட்ட விலையும் ஓட்டையைக் கணக்குல எடுத்த விலை தான். வாங்கிட்டேன், பேரம் பேசவே இல்ல.

"ஓட்டை விழுந்த புக்கை எதுக்கு வாங்கணும், மொத்தக் கதையும் தடிமனா ஒரே தொகுப்பா வருதே"ன்னு கேப்பீங்க. வருது, என்கிட்டயும் இருக்கு, சில தொகுப்புல லெட்டர்ஸ் கூட போடுறாங்க, ஒத்துக்கறேன். ஆனா விளம்பரம் இருக்காது, அந்த நியூஸ்பிரிண்ட் வாசனை இருக்காது. வருஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு இதழ்ல பொடி எழுத்துல ஸ்டேட்மென்ட் ஆஃப் ஓனர்ஷிப்னு ஒரு கட்டம் வரும், சராசரியா எத்தனை காப்பி அடிச்சோம், எத்தனை வித்துச்சு, எத்தனை திரும்பி வந்துச்சுன்னு, அமெரிக்க தபால் விதிக்காகப் போட்டது. கம்பெனியே கையெழுத்து போட்டு சொன்ன கணக்கு. அதை அந்த இதழோட சேத்து கையில வெச்சுப் படிக்கிறப்போ கிடைக்கிற நெருக்கம் வேற.

இதுக்கும் உங்க கேள்விக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா ஓட்டைன்னதும் ஞாபகம் வந்துடுச்சு. சொந்தக்காரங்க ஒருத்தர் வீட்டுக்கு வந்தப்போ, குழந்தைக்கு லீவுல படிக்கன்னு என்கிட்ட இருந்து ஆறு இதழ் வாங்கிட்டு போனாங்க. திரும்பி வந்தது நாலு. அதுல ரெண்டுல படம் படமா வெட்டி ப்ராஜெக்ட்ல ஒட்டியாச்சு. நான் கேட்டதுக்கு "பழைய பேப்பர் தானே, இதுக்குப் போயி குழந்தையை அழ வைக்கணுமா"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. குழந்தை மேல எனக்கு துளி கோபம் இல்ல. 1974ல வெட்டின குழந்தைக்காவது வெட்டச் சொல்லி புக்லயே போட்டிருந்துச்சு. பெரியவங்க ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டிருக்கலாம். அஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் மனசு ஆறல. இரவல் கேட்டா இப்பல்லாம் முடியாதுன்னு நேரா சொல்லிடுறேன், திமிர்னு பேர் வாங்கினாலும் பரவாயில்ல.

சரி, நீங்க போறப்போ. உங்ககிட்ட இல்லாத நம்பர் லிஸ்ட்டை பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போங்க, போன்ல வெச்சா ரெண்டு கையும் பாக்ஸ்ல இருக்கும், தேய்க்க முடியாது. ஸ்டேப்பிள் துருப்பிடிச்சிருக்கா, நடு ஷீட் கழண்டு தனியா வருதா, ஸ்பைன்ல, அதாவது இதழோட முதுகுல, கோடு கோடா மடிப்பு இருக்கான்னு பாருங்க. 1991ல வந்த எக்ஸ்-மென் முதல் இதழை ரேர்னு யாராவது நீட்டினா வேண்டாம்னு சொல்லிட்டு நகருங்க, அது 80 லட்சம் காப்பிக்கு மேல கடைகளுக்குப் போன இதழ். சீல் வெச்ச பிளாஸ்டிக் ஸ்லாப்ல இதழோட நிலைமைக்கு கிரேடு போட்டு வெச்சிருக்குறதை வாங்கணும்னா வாங்குங்க, அது அவங்கவங்க இஷ்டம், ஒரு கேரக்டர் முதல் தடவை வர்ற மாதிரி விலை உயர்ந்த கீ இஷ்யூவுக்கு அது பாதுகாப்பு தான். படிக்கிறதுக்கு வாங்குறீங்கன்னா அந்தப் பக்கமே போக வேண்டாம்.

காலையில சீக்கிரம் போனா நல்ல காப்பி கிடைக்கும், மூடுற நேரத்துல போனா விலை இறங்கும், பாக்ஸைத் திரும்ப தூக்கிட்டு போக எந்த டீலருக்கும் ஆசை இருக்காது. ஒரே நாள் கான்னா ரெண்டு நேரமும் அங்கயே இருங்க. மேசைக்கு அடியில இருக்குற பாக்ஸைக் கேட்டு வாங்கிப் பாருங்க.